ஒரே வீடு, நாலு வகைச் சாப்பாடு: எங்கே வீணாகிறது, எப்படிச் சரிசெய்வது?

தாத்தாவுக்குச் சர்க்கரை, இரவில் சப்பாத்திதான். பாட்டி வெள்ளிக்கிழமையும் ஏகாதசியும் பார்த்து வெங்காயம், பூண்டு ஒதுக்குவார். ஜிம்முக்குப் போகும் பையனுக்கு முட்டை இல்லாமல் முடியாது. சின்னவளுக்குப் பருப்பும் நெய்யும் இருந்தால் போதும், காரம் ஆகாது. இப்படி ஒரு வீட்டில் குப்பைக் கூடை கனமாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம்.

நாலு வகை சமைப்பதால் சாப்பாடு வீணாவதில்லை. நாலு வகையையும் எல்லோருக்கும் போதுகிற அளவுக்குச் சமைப்பதால்தான் வீணாகிறது. கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் இதுதான், வெளியே தெரிகிற அறிகுறிதான் வேறு வேறு. உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒரு வாரம், கொட்டப் போகும்போது அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள். யாருக்கும் பரிமாறாமலே பாத்திரத்தில் நின்றதா, தட்டில் வைத்தபின் ஒதுக்கியதா, எடுத்து வைத்து ஃபிரிட்ஜில் கெட்டதா, சமைக்காமலே அழுகியதா? தராசு வேண்டாம், நோட்டும் வேண்டாம். நாலில் எது அதிகம் என்பது வாரக் கடைசியில் தானாகத் தெரிந்துவிடும். பாத்திரத்தில் மிஞ்சினால் அளவில் கோளாறு. தட்டில் மிஞ்சினால் பரிமாறுவதில் கோளாறு. ஃபிரிட்ஜில் கெட்டால், அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அழுகினால் கடைப் பையில் கோளாறு.

இது சின்ன விஷயமும் இல்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளுக்கு அது போடும் கணக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. தோல், எலும்பு எல்லாம் சேர்த்துத்தான். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஐந்து பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வருகிறது.

அறிகுறி: சாதம் தினமும் மிஞ்சுகிறது

அரிசி அளக்கிற டம்ளரைப் பாருங்கள். எல்லோரும் இரண்டு வேளையும் சோறு சாப்பிட்ட காலத்தில் பழகிய அளவு அது. அதன்பின் தாத்தா இரவுச் சோற்றை நிறுத்திவிட்டார், பையன் பாதியாகக் குறைத்துவிட்டான், ஒருவர் மதியம் ஆபீஸில் சாப்பிடுகிறார். டம்ளர் மட்டும் மாறவே இல்லை.

ஆளை எண்ணாதீர்கள், வேளையை எண்ணுங்கள். மதியம் சோறு சாப்பிடப் போவது மூன்று பேர், இரவில் இரண்டு பேர் என்றால் மொத்தம் ஐந்து சாப்பாடு. வீட்டில் ஆறு பேர் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் அரிசி வெந்தால் ஏறத்தாழ மூன்று டம்ளர் சாதம் ஆகும். சர்க்கரைக்காகக் குறைத்துச் சாப்பிடுபவருக்கு அதில் ஒரு டம்ளர்கூட ஆகாது. இந்தக் கணக்கை இரண்டு நாள் போட்டால் மூன்றாம் நாள் கை தானாக அளந்துவிடும்.

"ஐந்து லிட்டர் குக்கரில் முக்கால் டம்ளர் அரிசியை எப்படி வைப்பது, அடிப்பிடிக்குமே" என்று கேட்பீர்கள். பல வீடுகளில் சாதம் கூடுதலாக வைப்பதற்கு நிஜமான காரணம் இந்தக் குக்கர்தான். குக்கரில் தண்ணீர் ஊற்றி, அரிசியைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு உள்ளே வையுங்கள். எவ்வளவு குறைவாக வைத்தாலும் அடிப்பிடிக்காது. மேல் அடுக்கில் பருப்பு, அதற்கும் மேலே பாட்டிக்குத் தனியாகக் காய் வைத்தால் ஒரே தடவையில் மூன்றும் முடியும். வெவ்வேறு சாப்பாடு உள்ள வீட்டுக்கு அடுக்குப் பாத்திரத்தைவிட உதவியான சாமான் கிடையாது.

அப்படியும் மிஞ்சினால், மிஞ்சியது எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறது என்று பாருங்கள். சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும், சில வகைகள் நச்சும் விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், அதாவது நம் ஊரில் சித்திரை, வைகாசி முழுக்க. மலைபோல் குவிந்த பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் ஆற வெகுநேரம் ஆகும். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, பிறகு டப்பாவில் எடுத்து வையுங்கள். மறுநாள் விறைத்திருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, குளிரில் மாவுச்சத்து இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஆவி காட்டினால் புதுச் சாதம் மாதிரி ஆகிவிடும்.

பழைய சோறு தனிக் கதை. ஆறியவுடனே முழுகத் தண்ணீர் ஊற்றினால் இரவில் புளிப்பு ஏறும், ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு இடம் குறையும். ஆனால் மதியத்திலிருந்து மூடிபோட்டுக் கிடந்து, கரண்டி பட்டதும் கொழகொழக்கும் சோற்றுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. அதைக் கொட்டத்தான் வேண்டும்.

அறிகுறி: நாலு குழம்பு, ஒவ்வொன்றிலும் கால் கிண்ணம் மிச்சம்

அதிகம் வீணாவதும் இங்கேதான், சுலபமாகச் சரிசெய்ய முடிவதும் இங்கேதான்.

வெங்காயம் போட்ட சாம்பார், போடாத சாம்பார், காரமில்லாத பருப்பு, சப்பாத்திக்கு ஒரு தால் என்று நாலு அடுப்பு எரிகிறது. நாலிலும் அடியில் இருப்பது ஒரே துவரம்பருப்புதான். எங்கே பிரிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அடுப்பில் ஏற்றும்போதே பிரித்தால் நாலு பாத்திரம், நாலு மிச்சம். கடைசியில் பிரித்தால் ஒரே பாத்திரம்.

ஒரு மதியச் சமையலை எடுத்துக்கொள்வோம். பருப்பை மஞ்சள்தூளும் பெருங்காயமும் போட்டுக் குழைய வேகவைத்து மசித்துவிடுங்கள். உப்பு போடுவதற்கு முன்பே இரண்டு கரண்டி எடுத்துத் தனியே வைத்தால் சின்னவளுக்குப் பருப்புச் சாதம் முடிந்தது. உப்பு குறைக்கச் சொல்லியிருக்கும் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் அவருக்கும் இந்த இடத்திலேயே எடுத்துவிடலாம். மீதியில் புளித்தண்ணீர், சாம்பார்ப்பொடி, முருங்கைக்காய், உப்பு போட்டுக் கொதிக்கவிடுங்கள். வெங்காயம் இன்னும் போடவில்லை. கொதித்து இறக்கும் நேரத்தில் பாட்டிக்கு ஒரு கிண்ணம் எடுத்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். அப்புறம் அதே தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்தை நிறம் மாறும் வரை வதக்கி, மீதிச் சாம்பாரில் கொட்டி இரண்டு கொதி விடுங்கள். வதக்கிக் கொட்டிய வெங்காயம், கூடவே வெந்த வெங்காயத்தைவிட வாசனையாகவே இருக்கும், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். தாத்தாவின் சப்பாத்திக்கு? முதலில் எடுத்து வைத்த பருப்பில் ஒரு கரண்டியை இரவு தக்காளி, பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டி இறக்கினால் தால்.

இதில் எது எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சினால் சாம்பார் மட்டும் மிஞ்சும், அதுவும் ஒரே இடத்தில். ஒரே இடத்தில் இரண்டு கிண்ணம் மிஞ்சினால் இரவு இட்லிக்கு ஆகும். நாலு இடத்தில் அரை அரைக் கிண்ணம் மிஞ்சினால் எதற்கும் ஆகாது, மூன்றாம் நாள் தொட்டிக்குத்தான் போகும்.

சைவமும் அசைவமும் கலந்த வீட்டில் இதே வேலையைத் தக்காளித் தொக்கு செய்யும். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு சேர்த்து எண்ணெய் பிரிய வதக்கிய தொக்கில் பாதியில் வேகவைத்த முட்டை, மீதிப் பாதியில் உருளைக்கிழங்கோ பன்னீரோ. கரண்டி ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகக்கூடாது என்பதைச் சிலர் வீட்டில் ரொம்பக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அதை மதிக்காமல் சிக்கனம் பேசினால் பாட்டி அன்றைக்குச் சாப்பிடவே மாட்டார், அவர் பங்கு முழுசாக வீண். சைவப் பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டு, அப்புறம் மற்றதைத் தொடுங்கள்.

பொரியலுக்கும் இதே விதிதான். தேங்காய்த் துருவலை மொத்தப் பொரியலிலும் தூவாதீர்கள், அப்போதே சாப்பிடப் போகிற பங்கில் மட்டும் தூவுங்கள். தேங்காய் விழுந்த பொரியல் வெயிலில் சாயங்காலம் நூல்விடத் தொடங்கும். தேங்காய் போடாத பங்கு ஃபிரிட்ஜில் மறுநாள் வரை நன்றாக இருக்கும், சப்பாத்திக்குள் வைக்கவும் ஆகும்.

அறிகுறி: ஃபிரிட்ஜ் நிறைய டப்பா, திறந்தால் எல்லாம் ஊசியது

ஃபிரிட்ஜைத் திறக்கிறீர்கள். ஒரே அளவில் ஐந்து எவர்சில்வர் டப்பா, ஒன்றின்மேல் ஒன்று. ஒன்றில் நேற்றைய ரசம், ஒன்றில் என்றைக்கோ அரைத்த சட்னி, அடியில் இருப்பது என்ன என்று மூடியைத் திறந்தவருக்கு மட்டும் தெரியும். திறப்பவர் அநேகமாக ஒரே ஆள்தான்.

எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிடும் வீட்டில் மிச்சம் எல்லோருடையது. ஆளுக்கொரு சாப்பாடு சாப்பிடும் வீட்டில் மிச்சம் யாருடையதும் இல்லை. "அது தாத்தாவுக்குன்னு நினைச்சேன்" என்று பையன் சொல்வான், "அவன் சாப்பிடுவான்னு வச்சேன்" என்று தாத்தா சொல்வார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், நடுவில் தால் ஊசிப்போனதும் உண்மைதான்.

கண்ணாடி டப்பாவோ, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவோ வாங்குங்கள். எவர்சில்வரை விடமாட்டேன் என்றால் மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கிழமையும் ஆளும் எழுதுங்கள்: "செவ்வாய், தாத்தா". மறுநாள் மதியம் வரை அது அவருடையது, அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சுதான் முக்கியம், டேப் அதை ஞாபகப்படுத்த மட்டும்தான். டப்பாக்களுக்குக் கண் மட்டத்தில் ஒரே தட்டு. அந்தத் தட்டு நிறைந்திருந்தால் அன்றைக்குப் புதுக் குழம்பு வைக்காதீர்கள்.

சூடுபண்ணும்போது முழு டப்பாவையும் கொதிக்கவைத்துத் திரும்ப உள்ளே வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வேண்டியதை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, முடித்துவிடுங்கள்.

அறிகுறி: சமைத்து முடித்தபின் "எனக்கு வேண்டாம், வெளியில சாப்பிட்டேன்"

இது சமையலறைக் கோளாறு இல்லை, தகவல் கோளாறு. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்கள் வருகிற இடத்தில் காலை பத்து மணிக்குள் ஒரே ஒரு சொல் வரட்டும்: "இரவு உண்டு" அல்லது "இல்லை". சொல்லாதவருக்குச் சாதம் கிடையாது, ரவை உண்டு. பட்டினி யாரும் இல்லை, உப்புமாவுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு மாதத்தில் ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். உப்புமாவுக்கு அவ்வளவு சக்தி உண்டு.

ஆப்பில் பிரியாணி வரவழைக்கும் நாட்களுக்கும் இதே விதி. ஆர்டர் போடுபவர் போடுவதற்கு முன் அடுப்படியில் ஒரு குரல் கொடுக்க வேண்டும். விரதங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. தினசரி காலண்டரில் ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை, அமாவாசையைப் பேனாவால் வட்டமிட்டு அடுப்படியில் மாட்டினால் போதும். புரட்டாசிக்கு முந்தின வாரம் ஃப்ரீசரில் மீனும் கறியும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாதம் முழுக்க அசைவம் தொடாத வீட்டில் அது அங்கேயே கிடந்து பனி பூத்துவிடும்.

அறிகுறி: டிபன் பாக்ஸ் பாதியாகத் திரும்பி வருகிறது

திட்டுவதற்கு முன், எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். சாதம் வந்து காய் காலியாகியிருந்தால் அளவு அதிகம். காய் வந்து சாதம் காலியாகியிருந்தால் அந்தக் காய் ஆறினால் நன்றாக இல்லை என்று பொருள். வெண்டைக்காயும் அவரைக்காயும் ஆறினாலும் தின்னலாம், நீர்விடும் சுரைக்காய்க் கூட்டை ஒரு மணிக்குக் குழந்தை எப்படிச் சாப்பிடும்? இரண்டுமே பாதி வந்தால் சாப்பிட நேரம் போதவில்லை. சின்ன டப்பாவுக்கு மாறுங்கள், பிசைந்து உருட்டிக் கொடுங்கள், வந்தவுடன் சாப்பிட வீட்டில் ஏதாவது வையுங்கள். ஆறேழு மணி நேரம் பையில் இருந்து திரும்பிய தயிர்ச் சாதத்தைப் பார்த்துப் பாவப்பட்டு இரவுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

அறிகுறி: மாவு புளித்துப் பொங்கிக் கெடுகிறது

ஆறு பேருக்கு அரைத்த மாவை மூன்று பேர் சாப்பிடுகிறார்கள். அரைத்தவுடன், புளிப்பதற்கு முன்பே, பாதியைத் தனிப் பாத்திரத்தில் பிரித்து உப்புப் போடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு வெளியே எடுத்து, உப்புப் போட்டுக் கரைத்தால் அப்போதுதான் பொங்கும். ஏற்கெனவே புளித்துவிட்டதா? கொஞ்சம் அரிசிமாவும் ரவையும் கலந்து, வெங்காயம், பச்சைமிளகாய் தூக்கலாகப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள், புளிப்பு தெரியாது. பூஞ்சை பூத்த மாவை மேலே மட்டும் வழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம்.

பிசைந்த சப்பாத்தி மாவு ஃபிரிட்ஜில் சாம்பல் நிறமாவதைப் பார்த்துக் கொட்டுபவர்கள் உண்டு. மேலே எண்ணெய் தடவிக் காற்றுப்புகாமல் மூடினால் ஒரு நாள் தாங்கும். தாத்தா ஒருவருக்குத்தான் சப்பாத்தி என்றால் அதைவிட நல்ல வழி, இரண்டு நாளுக்கானதைத் தேய்த்து, கல்லில் அரைவேக்காடாகப் போட்டு எடுத்து, ஆறியதும் டப்பாவில் வைத்து, வேண்டும்போது திரும்பச் சுடுவது.

அறிகுறி: அலமாரியில் ஓட்ஸ், கம்பு, சிவப்பரிசி, எல்லாவற்றிலும் வண்டு

டயட் தொடங்கும் நாளில் வாங்கும் சாமானின் அளவு ஆசையின் அளவு. புதிதாகத் தொடங்கும் எதையும் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், கிலோவுக்கு விலை மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும். கம்பு மாவாக வாங்கினால் சீக்கிரமே சிக்கு வாடை வரும், அதில் கொழுப்பு அதிகம். தானியமாக வாங்கி, வேண்டும்போது அரைப்பதே நல்லது. டயட் நின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள ஆள் தயாராக இல்லாவிட்டாலும், ஓட்ஸை அடை மாவில் கலந்துவிடலாம். அவருக்குத் தெரியவும் தெரியாது.

அறிகுறி: "பழசு எனக்கு வேண்டாம்"

பழசைப் புதுசாக்கும் குறிப்புகள் எல்லோருக்கும் தெரியும்: மிஞ்சிய இட்லி உப்புமா ஆகும், சப்பாத்தி கொத்துச் சப்பாத்தி ஆகும், பருப்பைச் சப்பாத்தி மாவில் பிசையலாம், மிஞ்சிய சாதத்தை உப்பு, சீரகம், மிளகாயோடு அரைத்துக் கோடையில் வடாம் பிழியலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பத்து ரூபாய்ச் சாதத்தைக் காப்பாற்ற முந்திரியும் நெய்யும் கொட்டிச் செய்த பலகாரத்தையும் யாரும் தொடவில்லை என்றால் நஷ்டம் இரட்டிப்பு. கூடுதலாகச் சேர்ப்பது வெங்காயமும் மிளகாயும் அளவோடு நிற்கட்டும்.

அறிகுறி: எதுவுமே வீணாவதில்லை, ஆனால் ஒருவர் மட்டும் தினமும் மிச்சம் சாப்பிடுகிறார்

இதை யாரும் கோளாறாகப் பார்ப்பதில்லை. குப்பைக் கூடை காலி, ஃபிரிட்ஜ் சுத்தம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்ததைப் பிடித்தபடி செய்து போட்டாகிவிட்டது. சமைத்தவர், அநேகமாக அம்மா, மூன்று மணிக்கு உட்கார்ந்து நேற்றைய ரசம், குழந்தை ஒதுக்கிய இட்லி, தாத்தா வேண்டாமென்ற கூட்டு என்று ஒரே தட்டில் போட்டு முடிக்கிறார். வீணாகாததற்குக் காரணம் நல்ல அளவு இல்லை, அவருடைய வயிறு.

சோதிப்பது எளிது. அவர் இரண்டு நாள் ஊருக்குப் போய் வரட்டும், திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் நிஜக் கணக்கு தெரியும். அவர் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவருக்கு இன்றைக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டு, அதையும் வேளைக் கணக்கில் ஒரு தலையாகச் சேருங்கள். மிச்சத்தை முறைபோட்டுப் பிரியுங்கள்: திங்கள் பையன், செவ்வாய் அப்பா. மிச்சம் தன் தட்டுக்கு வரும் நாளில், "இவ்வளவு எதுக்கு வச்சீங்க" என்ற கேள்வி முதல் முறையாக மற்றவர்களிடமிருந்து வரும். அந்தக் கேள்வி வந்தால் அடுத்த நாள் அரிசி குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சினால்

வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பதானால் சமைத்த அன்றே, ஃபிரிட்ஜுக்குள் போவதற்கு முன், வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள். நீங்கள் சாப்பிடத் தயங்கும் மூன்றாம் நாள் குழம்பை அடுத்தவர் தூக்கில் ஊற்றாதீர்கள். மக்கவைக்கும் தொட்டி இருந்தால் காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு தாராளமாகப் போடலாம். சமைத்த சோறும் குழம்பும் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். எண்ணெயும் ஈரமும் கூடினால் நாற்றமெடுக்கும், புழு வைக்கும், எலியும் வரும். போடும்போதெல்லாம் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ மேலே ஒரு பிடி தூவி மூடுங்கள்.